சித்தேரி விரால்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு

ஆவடியில் இறங்கியதும் எனக்கு முதல் கோபம் இட்லியின் மேல்தான் வந்தது. மதராஸ் இட்லியைப் பற்றி மட்டக்களப்பில் எத்தனையோ பேர் என்னிடம் அளந்திருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே ஓட்டலில் என் இலையில் விழுந்ததோ மஞ்சளாக, சோளமும் வேறு எதுவோ கலந்து அரைத்த ஒரு கட்டி. "இது என்ன?" என்று கேட்டேன். பரிமாறியவன் சிரிக்கக்கூட இல்லை.

"அரிசி எங்க கீது நைனா? சண்ட முடிஞ்சதும் வா, வெள்ளையா போடறேன்."

எங்கள் ஊரிலும் அரிசி இல்லைதான். நாங்கள் குரக்கன் என்று சொல்லும் கேழ்வரகில் ரொட்டியும் மரவள்ளிக் கிழங்கும் தின்றுகொண்டிருக்கிறோம். ஆனால் ரொட்டியை ரொட்டி என்றுதான் சொல்கிறோம். சோளத்தை அவித்து வைத்து இட்லி என்று காசு வாங்குவதில்லை. சட்னி மட்டும் நன்றாக இருந்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் வந்தது இட்லி தின்ன அல்ல. எங்கள் வாவியில், நீங்கள் காயல் என்பீர்கள், இறால் அற்றுப்போய் மூன்று வருஷமாகிறது. நான் அங்கே மீனவர் சங்கத்தின் காரியதரிசி. வலை வீசத் தெரியாது, கையெழுத்துப் போடத் தெரியும். பூந்தமல்லிக்குப் பக்கத்தில், காட்டுப்பாக்கத்தை ஒட்டிய ஒரு சித்தேரியில், அடியோடு ஒழிந்துபோன மீனைப் புதுச் சட்டம் ஒன்று திரும்பக் கொண்டுவந்துவிட்டது என்று பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தது. அதைக் கத்தரித்து என் கையில் கொடுத்து, "போய்ப் பார்த்துவிட்டு, அந்தச் சட்டத்துக்கு ஒரு நகல் வாங்கி வாரும்" என்று எங்கள் தலைவர் என்னைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்.

ஸ்டேஷனுக்கு தேவசகாயம் வந்திருந்தார். சித்தேரிக்கும் அக்கம்பக்கத்து ஏரிகளுக்கும் மீன் மேற்பார்வையாளர். பூந்தமல்லிக்காரர், கத்தோலிக்கர், ஐம்பது வயது இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். ஒரு ஜட்காவில் ஏறினோம். ஆவடி முழுக்கப் பட்டாள லாரிகள். அவை கிளப்பிய புழுதியில் குதிரையின் காது எங்களுக்குத் தெரியவில்லை. லாரி வரும்போதெல்லாம் குதிரை நின்றுவிடும். ஜட்காக்காரன் இறங்கி அதன் காதில் ஏதோ சமாதானம் சொல்வான். இப்படியே குமணன்சாவடி போய்ச் சேர வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

தேவசகாயத்தின் ஆபீஸ் சாலையோரத்தில் ஓர் அறையும் ஒரு வராந்தாவும். வராந்தாச் சுவரில் சட்டம் தொங்கியது. சித்திரை முதல் ஆடி முடிய சித்தேரியில் வலை, கூடை, தூண்டில் எதுவும் கூடாது. மீனை எவ்விதத்திலும் எடுக்கவோ வைத்திருக்கவோ கூடாது. நான் அதை மரியாதையோடு படித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்கள் வாவிக்கு இதில் எந்த மாதத்தை மாற்றவேண்டும் என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலையில் ஏரிக்குப் போனோம். ஏரி என்று அதைச் சொல்லக்கூடாது. கரை இருந்தது, மதகு இருந்தது, நடுவில் பாளம் பாளமாக வெடித்த தரை இருந்தது. தண்ணீர் மதகை ஒட்டிய பள்ளத்தில் மட்டும், ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு, முழங்காலுக்குக் கீழே நின்றது. அதன் மேல் குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. விரால்கள் மேலே வந்து காற்று குடிக்கின்றன என்றார் தேவசகாயம்.

கரையில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, கூடை இல்லை. அவர்களில் பச்சையம்மாள் என்பவள் எழுந்து வந்தாள். இங்கே மீன்பிடிக்கும் செம்படவக் குடும்பங்களுக்கு அவள் சொல்தான் சொல். நாற்பது வயது, வெற்றிலை வாய், ஆளை நேராகப் பார்க்கும் பார்வை.

"இன்னா அண்ணாத்தே, எங்க ஏரியப் பாக்கவா சிலோன்லேந்து வந்துகீற? உங்க ஊர்ல தண்ணியே கெடையாதா?"

பத்திரிகைத் துண்டை எடுத்துப் படித்துக் காட்டினேன். சட்டம் மீனைத் திரும்பக் கொண்டுவந்தது என்ற இடம் வந்ததும் பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். பச்சையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னாள்.

"சட்டமா கொண்டாந்திச்சி? இந்தத் தலைல சொமந்து நாங்க கொண்டாந்தோம்."

அவள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கியதும் அவர்களுக்கு மீன் கொடுக்க ஒரு காண்டிராக்டர் ஏரியைக் குத்தகை எடுத்தான். கொசுவலை போன்ற வலையைக் கொண்டுவந்து, கோடை மழை என்று பாராமல் இரண்டு வருஷம் அரித்தான். அவன் போன பிறகு ஏரியில் பூனைக்குப் போடக்கூட ஒரு குஞ்சு இல்லை. ஆண்கள் பாதிப்பேர் கல்லுடைக்கப் போனார்கள். மீதிப்பேர் பட்டாளத்தில் மூட்டை தூக்கினார்கள்.

ஆனால் இந்தப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் பள்ளம் வற்றுவதற்கு முன்னால் பெரிய விரால்களை மட்டும் பிடித்து, அடியில் சேறு போட்ட மண்பானையில் வைத்து, ஈரச் சாக்கால் மூடிச் சுமந்துபோய், அக்கம்பக்கத்துக் குடியானவர்களின் கிணறுகளில் விட்டுவிடுவார்கள். ஐப்பசியில் ஏரி நிரம்பியதும் அதே மீன்களை அதே கிணறுகளிலிருந்து பிடித்துவந்து ஏரியில் விடுவார்கள். கிணற்றுக்காரர்கள் அவற்றைத் தொடமாட்டார்கள்.

"கெணத்துல கீறது விருந்தாளி. விருந்தாளிய யாராச்சும் கொயம்பு வெப்பாங்களா?" என்றாள் பச்சையம்மாள். "காண்டிராக்டு ஏரியத்தான் தொடச்சிட்டுப் போனான். கெணத்துல வலை போடல. அவன் போற வரிக்கும் அதுங்கள நாங்க வெளிய எடுக்கல. அந்தக் கெணத்து வெராலுதான் இன்னிக்கு நீ பாக்கற மீனு பூரா."

இந்த வழக்கத்தில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. மீன்களை மறைவாகக் கொண்டுபோகக்கூடாது. ஊருக்குப் பொதுவான ஒருவர் முன்னால் எண்ணித்தான் கிணற்றில் விடவேண்டும், எண்ணித்தான் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு கிணற்றுக்காரர் மேல் பழி வரும். அதனால் பானைகளைப் பட்டப்பகலில் தெருவோடு, எல்லாரும் பார்க்க எடுத்துப்போவார்கள்.

கிணற்று விரால்கள் ஏரிக்குத் திரும்பிய பிறகுதான் சட்டம் வந்தது. வந்தபின் இரண்டு கோடை பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிட்டதால் தகராறு இல்லை. போன ஐப்பசியில் மழை ஏமாற்றிவிட்டது. இப்போது பள்ளம் இரண்டொரு நாளில் வற்றப்போகிறது, மீனைத் தொட்டால் குற்றம்.

"சித்திரையில் இங்கே எந்த மீனும் முட்டை போடாது, ஐயா" என்றார் தேவசகாயம், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஐப்பசி வெள்ளத்தில்தான் சினையோடு, ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் எதிர்த்து ஏறும். அப்போது பிடிக்கலாம் என்கிறது சட்டம். இது எங்கோ ஓர் ஆற்றுக்கு யாரோ எழுதியது."

"அப்ப ஐப்பசியில நீங்க என்ன செய்வீங்க?" என்று பச்சையம்மாளைக் கேட்டேன்.

"மொத ரெண்டு வெள்ளத்துக்குக் கலங்கப் பக்கம் கூடையே வெக்கமாட்டோம். வயித்துப் புள்ளக்காரிய அடிப்பியா நீ?"

நான் தேவசகாயத்தின் மேல் பாய்ந்தேன். தெரிந்தும் ஏன் சும்மா இருக்கிறீர் என்று கத்தினேன். மூன்று கடிதம் எழுதிவிட்டதாகவும் பதில் இல்லை என்றும் சொன்னார். நேரே போய்க் கேட்போம் என்றேன். பச்சையம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "சிலோன்காரரும் கூடப் போறாரு, உத்தரவு குடுக்காம இருப்பானா?" என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் பட்டணம். பெரிய அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சியில் பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனதும் என் பத்திரிகைத் துண்டைப் பார்த்து அவருக்கு ஒரே சந்தோஷம். "கடல் தாண்டி நம் சட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார்!" என்று இங்கிலீஷில் பக்கத்து அறைக்காரரிடம் சொன்னார். எனக்குக் காப்பி வந்தது. தேவசகாயத்துக்கு வரவில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

தேவசகாயம் பள்ளத்தைப் பற்றிச் சொன்னார். கிணறுகளைப் பற்றிச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அந்த மீன்கள் பாதுகாப்பில் இருக்கின்றன. பாதுகாப்பில் இருப்பதை எதற்கு எடுத்துப் போகவேண்டும்?"

"தண்ணீர் வற்றிவிடும், ஐயா."

"தண்ணீர் வேறு இலாகா. என் பொறுப்பு மீன்."

"மீன் தண்ணீரில்தானே இருக்கிறது?" என்றேன். அவர் அதை ஒரு வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு உத்தரவைச் சொல்லச் சொல்ல ஒருவர் டைப் அடித்தார். தடைக்காலத்தில் யாராவது ஒருவர் மீனை எடுத்தாலும், அந்த ஏரியில் மீன்பிடிக்கும் உரிமை எல்லாக் குடும்பங்களுக்கும் ரத்தாகும். அதை ஏரிக்கரையில் ஒட்டிவிட்டு வர தோளில் டவாலிப் பட்டை போட்ட ஒரு சேவகனையும் எங்களோடு அனுப்பினார். எனக்குச் சட்டத்தின் சுத்தமான நகல் ஒன்றை, நாடா கட்டி, கொடுத்தார். என் வாயிலிருந்து "நன்றி" என்று வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காக இன்றுவரை என்னை நான் திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நகலைத் தலைவரிடம் நான் கொடுக்கவில்லை.

எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் என்று திரும்பும் வழியில் யோசித்தேன். போன வருஷம் வாவிக்கரைக்காரர் ஒருவர் என் மேசைக்கு முன்னால் இப்படித்தான் நின்று எதையோ சொன்னார். நான் பேனாவைக்கூட கீழே வைக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

நாங்கள் திரும்பிய பஸ், பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடுவது. பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு, ஏறுவோர் எல்லார் முகத்திலும் சாம்பலைப் பூசி அனுப்பும் பஸ். போரூரில் அது ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறினான், காற்றாடியைச் சுற்றினான், கடைசியில் எங்களிடம் வந்தான்.

"ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளுங்க நைனா. கரி ஈரமா கீது."

எல்லாரும் தள்ளினோம், சேவகனைத் தவிர. டவாலி போட்டுக்கொண்டு பஸ் தள்ளினால் சர்க்காருக்கு அவமானம் என்று அவன் தெலுங்கில் சொன்னதைத் தேவசகாயம் எனக்குத் தமிழில் சொன்னார். பஸ் நகரவில்லை. எங்கள் ஊர் பஸ்ஸும் நிற்கும், ஆனால் அங்கே நிற்கிற இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையாவது இருக்கும். குமணன்சாவடி வரை நடந்தோம். வெயிலில் சேவகன் வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தான்.

ஆபீஸ் வராந்தாவைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே தேவசகாயம் நின்றுவிட்டார். வராந்தாவில் வரிசையாகப் பானைகள். மேலே ஈரச் சாக்குகள். பெண்கள் பானைக்கு ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மாள் எழுந்து ஓடிவந்தாள்.

"வந்துட்டிங்களா! காலைல பாத்தா பள்ளத்துல கணுக்கால் தண்ணிதான் கீது. நீங்க உத்தரவோட வர்றதுக்குள்ள செத்துப்பூடும்னு எடுத்துட்டோம். கெணத்துக்காரங்க எல்லாம் சரின்ட்டாங்க. மொத்தம் முப்பத்தேயு. நீ ஒரு தபா எண்ணிட்டின்னா கொண்டுபோய் உட்டுடுவோம் சாரு."

ஒளித்து எடுத்துப் போயிருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. காட்டுப்பாக்கத்திலிருந்து தெருவோடு சுமந்துவந்து, சட்டம் தொங்கும் சுவருக்கு நேர் கீழே இறக்கி, சட்டத்தின் காவல்காரரையே எண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். நேர்மையாக இருந்ததுதான் அவர்கள் செய்த தப்பு.

"கேக்கப் போனிங்களே, இன்னா சொன்னான்?"

"இல்லை எண்டு சொல்லிப்போட்டார்" என்றேன் நான்.

"இல்லன்னா? மீனு சாவறது சரின்னானா?"

சேவகன் பானைகளை ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான். தேவசகாயம் அவனைத் தனியே அழைத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். சேவகன் தெலுங்கில் சொன்னதாக அவர் பிறகு எனக்குச் சொன்னது இதுதான்: "நான் கண்ணை மூடிக்கொள்வேன் ஐயா. ஆனால் இந்தத் தெரு முழுக்கப் பார்த்திருக்கிறதே. நாளைக்கு ஒருவன் எழுதிப்போட்டால் என் டவாலியைக் கழற்றிவிடுவார்கள்."

அவன் கெட்டவன் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவன் ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுச் சோறு தின்றிருப்பேன். தேவசகாயம் பூந்தமல்லி தபாலாபீசுக்குப் போய்த் தந்தி அடித்தார். குடும்பங்களின் உரிமையைப் பறிக்கவேண்டாம், தெரியாமல் செய்துவிட்டார்கள், மீன்கள் உயிரோடு இருக்கின்றன, என்ன செய்யட்டும் என்று கேட்டார். பதில் வரும்வரை பெண்கள் வராந்தாவை விட்டு நகரவில்லை. சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தார்கள். பச்சையம்மாளின் மைத்துனன் ஏழுமலை கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கும் ஒரு சொம்பு கிடைத்தது. மதராஸில் நான் தின்றதில் அதுதான் ருசியான சாப்பாடு.

நாலாம் நாள் உச்சிவேளையில் தந்தி வந்தது. முதல் குற்றமாகையால் உரிமை ரத்தாகாது. இனி தடைக்காலத்தில் மீனைத் தொடமாட்டோம் என்று ஒவ்வொருவரிடமும் கைநாட்டு வாங்கவும். மீன்களை எடுத்த இடத்திலேயே திரும்பச் சேர்க்கவும். வெளியாள் ஒருவரின் சாட்சிக் கையெழுத்துடன் அறிக்கை அனுப்பவும்.

தேவசகாயம் அதைத் தமிழில் சொன்னபோது பெண்களுக்கு முதலில் புரியவில்லை. "எந்த எடம்?" என்று ஒருத்தி கேட்டாள். புரிந்ததும் ஒருத்தி அழுதாள். பச்சையம்மாள் தன் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சாரு, ஒரே ஒரு கெணறு. அதோ தெரியுது பாரு, அந்தக் கெணறு. கண்ண மூடிக்க. நான் ஓடிப்போய்க் கொட்டிட்டு வந்துடறேன்."

"உரிமை போயிடும்மா. உனக்கு மட்டும் இல்ல, அத்தன ஊட்டுக்கும் போயிடும்" என்றார் தேவசகாயம். அவள் பின்னால் திரும்பி மற்ற பெண்களைப் பார்த்தாள். கையைப் பானையிலிருந்து எடுத்து, புடவையில் துடைத்து, மைக்காக நீட்டினாள்.

பானைகளை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி ஏரிக்குப் போனோம். கைநாட்டு வைத்தவர்கள் தொடக்கூடாதென்பதால் தேவசகாயமும் சேவகனும் நானும்தான் இறக்கினோம். பள்ளத்தில் தண்ணீர் இல்லை. நடுவில் சேறு, ஓரமெல்லாம் வெடிப்பு. கத்தரி வெயில் தலையைப் பிளந்தது. ஒவ்வொரு பானையாகச் சாய்த்தோம். முழங்கை நீள விரால்கள், கறுப்பும் பொன்னுமாக, இரண்டு நாள் பானையில் கிடந்தும் திமிர் குறையாதவை, சேற்றில் விழுந்து துள்ளின. சில தண்ணீர் தேடி ஊர்ந்தன. எந்தப் பக்கமும் தண்ணீர் இல்லை. பருந்துகள் வர அதிக நேரம் ஆகவில்லை. பச்சையம்மாள் முந்தானையை வீசி அவற்றை விரட்டினாள். பருந்தை விரட்டுவது சட்டத்தில் வருமா என்று சேவகன் அரைகுறைத் தமிழில் தேவசகாயத்தைக் கேட்டான். அவனை நான் அடிக்கப் போய்விட்டேன்.

வண்டியின் பின்பலகையில் காகிதத்தை வைத்து தேவசகாயம் அறிக்கை எழுதினார். சாட்சி என்ற இடத்தை விரலால் காட்டி என்னிடம் நீட்டினார். "சித்தேரியிலிருந்து எடுக்கப்பட்ட முப்பத்தேழு விரால் மீன்களும் உயிருடன், எடுத்த இடத்திலேயே, திரும்பச் சேர்க்கப்பட்டன." இவ்வளவுதான். நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு பொய் இருந்தால் போதும், காகிதத்தைக் கிழித்து அவர் முகத்தில் எறிந்துவிடலாம் என்று தேடினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. இடம் சரியாக இருந்தது. உயிருடன் என்பதற்குச் சேற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பச்சையம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னா எயுதிகீறாரு? படி."

படித்தேன். கடைசிவரை கேட்டாள்.

"சரியாத்தான் எயுதிகீறாரு" என்றாள்.